பின்வாசல்

வீடு ஒன்று கடலைக் கடந்துபோகும் கதை.
இருபத்துநான்கு பக்கம், கெட்டி அட்டை.
நடுவே ஒரு பக்கத்தில் எழுத்தே கிடையாது,
வெறும் நீலம்.
எர்மிந்தா அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகமாக்கினாள்.
அவள் முன்வாசல்.
பால்தோவினோ கூரை, புகைபோக்கி, தேவைப்பட்டால் காற்று.
நான் பின்வாசல்.

கித்தான் சுவருக்குள் குனிந்தபடி
மூன்று மாதமாக நான் பார்த்த உலகம்
எர்மிந்தாவின் குதிகால்.
இடது காலுறையில் ஓட்டை.

சிலோயேவில் ஒரு பள்ளிக்கும் அடுத்த பள்ளிக்கும் நடுவே
ஒரு படகுத்துறை, ஒரு மழை.
வீட்டை மடித்து வேனில் போட்டால்
மீன்பெட்டி அளவுதான்.

அந்த நீலப் பக்கத்தை என்ன செய்வது?
அதற்காகவே பல நாள் சண்டை.
கடல் பாடட்டும் என்றான் பால்தோவினோ.
அக்கார்டியனுக்கு வாடகை உன் அப்பனா தருவான் என்றாள் எர்மிந்தா.
கடைசியில் வசனம் எழுதினாள்.
என் பங்குக்கு வந்தது இரண்டே சொல்:
"கால் நனைகிறது."

ஒன்பதாம் பக்கத்து ஜன்னலில் ஒரு பூனை உண்டு.
ஆள் போதாமல் அதை வெட்டினோம்.
எந்த ஊரிலும் ஒரு குரல் கேட்காமல் விடாது:
பூனை எங்கே?
தூங்குகிறது என்பாள் எர்மிந்தா.
நம்பாத கண்களுக்கு நடுவே
வீட்டை மடிப்போம்.

லெமுய் தீவில் இருபத்துமூன்று பிள்ளைகள்.
வாசலில் வரிசையாக ரப்பர் பூட்ஸ்,
உள்ளே விறகடுப்பும் ஈரக் கம்பளி வாடையும்.
பதினொன்றரைக்கு சூப், அது காத்திருக்காது,
என்று முதலிலேயே சொல்லிவிட்டார் தலைமை ஆசிரியை.

வீட்டைக் கரைக்கு இழுக்கும் காட்சி.
துடைப்பத்தில் இரண்டு கொம்பு ஒட்டி எருதுகள்.
எர்மிந்தா கயிற்றைக் கட்டுகிறாள்.
மூன்றாம் வரிசையில் ஒருவன் எழுந்துவிட்டான்.
"அந்த முடிச்சு அவிழ்ந்துடும்."
உட்கார், எலியேசர்.
"அவிழும் டீச்சர். மார்ச்சுல எங்க வீட்டையே இழுத்தோமே.
எட்டு எருது, மூணு படகு.
அக்காவோட கட்டில்கூட உள்ளேதான் இருந்துச்சு."

காலுறையோடு மேடை ஏறி வந்தான்.
முடிச்சைப் பிரித்தான்,
எச்சில் தொட்டு வேறொன்று போட்டான்.
யாரும் கூப்பிடவில்லை,
மிச்சம் இருபத்திரண்டும் வந்து கயிற்றைப் பிடித்தன.

பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, அனுபவித்தேன்.
வீடு நகர்ந்தது. நிஜமாக.
புகைபோக்கி என் முதுகில் விழுந்தது.
எங்கோ கித்தான் கிழிந்தது.
நீலப் பக்கம் வந்தபோது
எர்மிந்தா வாய் திறக்கவில்லை.
என் இரண்டு சொல்லையும் நான் விழுங்கினேன்.
மரத்தரையில் காலுறைகள் வழுக்கும் ஓசை,
இருபத்துமூன்று மூச்சு,
இழு என்றுகூட யாரும் சொல்லவில்லை.
சாப்பாட்டு அறைக் கதவில் போய்
வீடு மாட்டிக்கொண்டது.
சூப் அகப்பையோடு ஒரு பெண்மணி
எர்மிந்தாவைப் பார்த்து
கதவைச் சாத்துங்கள், குளிர் வருது என்றாள்.

திரும்பும் படகில் டார்ச் அடித்துப் புத்தகத்தைப் பார்த்தோம்.
படத்திலேயே தப்பு முடிச்சு.
வரைந்தவருக்குத் தலைநகரில் மாடி வீடு,
அதை யாரும் இழுத்ததில்லை.
நாங்கள் அச்சுப் பிசகாமல் அதையே கட்டி வந்திருக்கிறோம்.

அடுத்த வாரம் காஸ்த்ரோவில், பெரிய பள்ளி.
வேண்டுமென்றே தப்பு முடிச்சைப் போட்டு
எர்மிந்தா நின்றாள்.
நின்றாள்.
இருநூறு பேர் கைகட்டி அழகாக உட்கார்ந்திருந்தார்கள்.
இழுக்க ஆளில்லாத முடிச்சு
கடைசிவரை அவிழவில்லை.

கைதட்டலுக்குப் பிறகு
ஓர்டென்சியா என்றொரு பொடிசு முன்னால் வந்தது.
பூனை எங்கே?
எர்மிந்தா களைத்திருந்தாள்.
பின்வாசல் முதன்முறையாகச் சொந்தமாகப் பேசியது:
"பூனைக்குத் தண்ணீர் ஆகாது.
பின்னாலேயே நடந்து வருது."

யோசித்தாள்.
"தீவுக்கா?"